மூக்கு மீனும் மச்சானின் கண்ணும்

அன்றைக்கும் மூக்கு மீன் சாப்பிடவில்லை.

நஜீர் தொட்டியின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் நீளமான இடுக்கி, அதன் முனையில் பொடியாக நறுக்கிய இறால். அதைத் தண்ணீருக்குள் விட்டு, பாறை இடுக்குப் பக்கமாக லேசாக ஆட்டிக் காட்டினார். பாறைக்குப் பின்னாலிருந்து முதலில் ஒரு நீண்ட மூக்கு வந்தது. அப்புறம் ஒரு மஞ்சள் பட்டை வந்தது. மீன் இறாலைப் பார்த்தது, நஜீரைப் பார்த்தது, வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

"வாடி ராஜாத்தி, ஒரே ஒரு வாய் வாங்கிக்கோ," என்று கெஞ்சினார் நஜீர்.

அடுக்களையிலிருந்து ராபியா எட்டிப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து தன்னை ஒரு தடவையாவது இந்த மனுஷன் ராஜாத்தி என்று கூப்பிட்டிருக்கிறாரா என்று யோசித்தாள். ஞாபகம் வரவில்லை.

"இன்னாங்க, அதுக்குப் பசிச்சா தானா துன்னும். நீங்க நாஷ்டா துன்ன வாங்க, இட்லி ஆறுது."

"உஷ்! மெதுவாப் பேசு. பயந்துக்கப் போவுது."

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் நஜீருக்குக் கண்ணாடிக் கடை. ஜன்னல் கண்ணாடி, பீரோ கண்ணாடி, சலூன் கண்ணாடி எல்லாம் அளந்து வெட்டிக் கொடுப்பார். மாடி வீட்டு ஹாலில் இருக்கும் மீன் தொட்டியும் அவரே வெட்டி ஒட்டியதுதான். அதில் இருப்பது கடல் தண்ணீர். சாதாரண மீன் வளர்ப்பது கோழி வளர்ப்பது மாதிரி, போட்டதைத் தின்றுவிட்டுக் கிடக்கும். கடல் மீன் வளர்ப்பதோ புது மாப்பிள்ளையை விருந்துக்கு வைத்துக்கொள்கிற மாதிரி. உப்பு கூடினாலும் கோபம், குறைந்தாலும் கோபம், சூடு ஏறினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

அந்தத் தொட்டிக்கு முன்னால் எப்போதும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் இருக்கும். ஒன்று நஜீருக்கு, இன்னொன்று ஃபாரூக்குக்கு.

ஃபாரூக் ராபியாவின் அண்ணன். நஜீருக்கு மச்சான் ஆவதற்கு முன்பே சிநேகிதர். ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு, ஃபெயிலானதும் ஒரே பாடத்தில். சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் ஃபாரூக் பக்கத்துத் தெருவிலிருந்து நடந்து வருவார். ராபியா இரண்டு டீ கொண்டு வந்து வைப்பாள். இரண்டு பேரும் தொட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். சில நாள் பேச்சே இருக்காது. அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மற்ற வேலையெல்லாம் நடப்பதாக நஜீருக்கு ஓர் எண்ணம். வெளியில் சொன்னதில்லை. ஆம்பிளைகள் இதையெல்லாமா சொல்லிக்கொள்வார்கள்?

இப்போது ஃபாரூக் ஷார்ஜாவுக்குப் போகப் போகிறார். பெண்சாதி தவறிப்போனதிலிருந்து தனியாகத்தான் இருந்தார். அங்கே வேலை பார்க்கும் மகன் முஸ்தகீம் விசா எடுத்துவிட்டான், டிக்கெட்டும் போட்டுவிட்டான். வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று. போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது.

"போறதுக்கு முன்னாடி அந்த மூக்கு மீன் ஒண்ணு நம்ம தொட்டியில பாத்துடணும் மச்சான்," என்று ஃபாரூக் சொல்லிக்கொண்டே இருந்தார். எப்போதோ செல்போன் வீடியோவில் பார்த்த மீன் அது. வருஷக்கணக்காக அதே ஆசை. நஜீரும் வருஷக்கணக்காகத் தட்டிக் கழித்துக்கொண்டே வந்தார். அது ரொம்ப நாசூக்கான மீன், இடம் மாறினால் சாப்பிடாமலே கிடந்து செத்துவிடும் என்று கேள்விப்பட்டிருந்தார். ஆனால் டிக்கெட் வந்த அன்றைக்கு மனசு கேட்கவில்லை. கொளத்தூருக்குப் போய், கடல் மீன் விற்கிற ஜெகதீஷிடம் சொல்லி வரவழைத்துவிட்டார். மீன் நன்றாகத் தின்று, கண்ணாடி ஓரமாக வந்து நிற்க வேண்டும். அதை ஃபாரூக் கண் குளிரப் பார்த்துவிட்டு விமானம் ஏற வேண்டும். நஜீர் கேட்டது அவ்வளவுதான்.

மீன் வந்த அன்றைக்கு எல்லாம் முறைப்படிதான் நடந்தது. மீன் இருந்த கவரைத் தொட்டியில் மிதக்க விட்டார். அப்புறம் மீனை வாளியில் மாற்றி, மெல்லிய டியூபில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வாளிக்குள் இறக்கினார். புதுத் தண்ணீர் மீனுக்குப் பழக வேண்டுமே! பிரசவ அறைக்கு வெளியே நிற்கிறவர் மாதிரி ஃபாரூக் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

கடைசியில் மீனைத் தொட்டிக்குள் விட்டதுதான் தாமதம், ஃபாரூக் கத்தியே விட்டார்.

"அடேங்கப்பா! இன்னா மச்சான் இது! கோடு பாரு, ஸ்கேல் வச்சுப் போட்ட மாதிரி! மூக்கப் பாரு! இன்னா தெனாவட்டா நிக்குது பாரு! ஐயோ, கண்ண எடுக்க முடியலயே!"

நஜீர் காத்திருந்தார். வர வேண்டிய வார்த்தை வரவில்லை.

எதையாவது பார்த்து மெச்சினால் கூடவே 'மாஷா அல்லாஹ்' என்று சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் கண் படாது. இது குழந்தைக்குக் கூடத் தெரியும். பஜ்ஜி உப்பி வந்தால் கூட மாஷா அல்லாஹ் சொல்கிற ஃபாரூக், அன்றைக்கு வந்த சந்தோஷத்தில் அதை மறந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து மீன் சர்ரென்று பாறைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

ஃபாரூக் புகழ்ந்தது எதுவும் உருப்படாது என்று தெருவில் ஏற்கெனவே ஒரு பேச்சு உண்டு. கீழ்வீட்டு சரசாவின் முருங்கை மரத்தைப் பார்த்து, "இன்னா காய்ப்பு!" என்றார், மறுவாரம் காற்றில் மரம் சாய்ந்தது. நஜீரின் புது ஸ்கூட்டரைத் தடவிக் கொடுத்தார், மறுநாள் அது மெட்ரோ வேலைக்குத் தோண்டிய பள்ளத்தில் இறங்கியது. இதையெல்லாம் ஊருக்குச் சொல்லி முதலில் சிரித்தவரே ஃபாரூக்தான். நஜீரும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறார். இப்போது சிரிப்பு வரவில்லை.

மீன் சாப்பிடவில்லை என்றதும் நஜீர் முதலில் ஜெகதீஷுக்குத்தான் போன் போட்டார்.

"புது எடம் சார், பயந்துகினு இருக்கும். லைட்ட அமத்திடுங்க. சத்தம் வராம பாத்துக்குங்க. நீங்களும் கொஞ்சம் எட்டவே இருங்க சார்."

முதல் இரண்டையும் நஜீர் தேவைக்கு மேலேயே செய்தார், மூன்றாவது காதில் ஏறவில்லை. ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டினார். டி.வி. வயரைப் பிடுங்கினார். மிக்ஸி கூடாது, குக்கர் விசில் கூடாது என்று சட்டம் போட்டார். காலிங் பெல்லைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். காஸ் சிலிண்டர் கொண்டு வந்த ஆள் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். அந்த வாரமே அடுப்பும் அணைந்தது. ராபியா அரிசியையும் குக்கரையும் தூக்கிக்கொண்டு கீழே சரசா வீட்டுக்குப் போய்ச் சமைக்க ஆரம்பித்தாள். மீன் மட்டும் பட்டினி கிடந்த வீட்டில் மனிதர்களும் பாதிப் பட்டினி ஆனார்கள்.

சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ராபியாவோடு மாடிக்கு வந்த சரசா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னா பாய், ஊடு இருட்டா கீது? யாருக்காச்சும் ஏதாச்சும் ஆயிடுச்சா?"

"மீன் சாப்ட மாட்டேங்குதும்மா," என்றார் நஜீர் இருட்டுக்குள்ளிருந்து.

சரசா குனிந்து பார்த்தாள். பாறை இடுக்கில் மூக்கு மட்டும் தெரிந்தது. நாக்கைச் சப்புக் கொட்டினாள். "இது கண்ணுதான் பாய். சந்தேகமே இல்ல. கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாதுன்னு சும்மாவா சொன்னாங்க? யாரு மொதல்ல பாத்தது?"

 அந்தக் கேள்வி நஜீருக்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

அன்று சாயங்காலம் ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார். மஃரிப் தொழுகை முடிந்ததும் வாசலில் வழக்கம்போலக் கூட்டம். பயந்து அழுகிற பிள்ளை, பால் குடிக்காத பிள்ளை, ராத்திரி தூங்காத பிள்ளை என்று தூக்கிக்கொண்டு தாய்மார்கள் நின்றிருந்தார்கள். பொட்டு வைத்தவர்களும் உண்டு, முக்காடு போட்டவர்களும் உண்டு. நடுவில் பாட்டிலோடு நஜீர் நின்றார். தொழ வைக்கிற ஹஜ்ரத் ஒவ்வொரு குழந்தைக்காக ஓதி ஊதிக்கொண்டே வந்தார்.

"கொழந்தை எங்க பாய்?"

"ஊட்ல கீது ஹஜ்ரத். தூக்கிகினு வர முடியாது."

"என்ன வயசு?"

"தெரியல ஹஜ்ரத். வாங்கி ஒரு வாரம்தான் ஆவுது."

ஹஜ்ரத் நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் நின்ற பெண் தன் பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

"மீனு ஹஜ்ரத்," என்றார் நஜீர் தாழ்ந்த குரலில். "கண்ணு பட்டுடுச்சு."

ஹஜ்ரத்தின் தாடிக்குள் ஒரு சிரிப்பு ஓடி மறைந்தது. பாட்டிலை வாங்கி ஓதி ஊதினார். "எல்லாம் படைச்சவனோட உயிருதான். அது சரி, மொதல்ல பாத்தப்போ நீங்க மாஷா அல்லாஹ் சொன்னீங்களா?"

"நான்... நான் மனசுக்குள்ள சொல்லிகினேதான் கீறேன் ஹஜ்ரத்," என்று சொல்லிவிட்டு நஜீர் வேகமாக நடையைக் கட்டினார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் தொட்டியில் காய்ந்த மிளகாய் மிதந்துகொண்டிருந்தது.

"இன்னா இது?"

"நான்தான் பாய்," என்று முன்னால் வந்தாள் சரசா. முகத்தில் ஒரு திருப்தி. "கல்லுப்பும் மொளகாவும் எடுத்து மீனுக்குச் சுத்திப் போட்டேன். உப்பத் தண்ணில போட்டா எப்டிக் கரையுதோ, அப்டியே கண்ணும் கரைஞ்சுடும்."

"அதுக்கு என் தொட்டியிலயா போடுவாங்க?"

"அதுவும் தண்ணிதான பாய்?"

 உப்பைக் கைநிறைய அல்ல, படிநிறையப் போட்டிருக்கிறாள் புண்ணியவதி. தொட்டியில் இதுவரை சமத்தாக நீந்திக்கொண்டிருந்த பழைய மீன்களும் இப்போது பாறைக்குப் பின்னால் போய்விட்டன. ஹாலில் இருந்தது ஒரு தொட்டி உப்புத் தண்ணீரும் ஒரு மிளகாயும்தான். மறுநாள் முழுக்கக் கேன் கேனாகத் தண்ணீர் வாங்கி, உப்பு அளந்து கலந்து, பாதித் தண்ணீரை மாற்றினார். முதுகு பிடித்துக்கொண்டது. மீன் சாப்பிடவில்லை.

இனி வேரைப் பிடுங்க வேண்டியதுதான் என்று நஜீர் முடிவு செய்தார். கண் வைத்தவனே வந்து மாஷா அல்லாஹ் சொல்லிவிட்டால் தீர்ந்தது. அதுவும் ஃபாரூக்குக்கு விஷயம் தெரியாமல், பேச்சோடு பேச்சாகச் சொல்ல வைத்துவிட வேண்டும்.

ஜன்னல் போர்வைகளை அவிழ்த்துவிட்டு மச்சானைக் கூப்பிட்டு அனுப்பினார், ஃபாரூக் அஸர் முடிந்து வந்தார். வீடு இருட்டாக இருந்த நாட்களில் அவரும் வெளியில் நின்றே விசாரித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும் முகம் மலர்ந்தது.

"மச்சான், மீனப் பத்தி ஏதாச்சும் சொல்லேன்," என்றார் நஜீர்.

"இன்னா சொல்றது? பாவம், எளச்சிப் போச்சு."

"எளச்சது இருக்கட்டும். அழகப் பத்திச் சொல்லு."

"அழகுக்கு இன்னா கொறச்சல்? சூப்பரா கீது."

"சூப்பரா கீது... அப்புறம்?"

"அப்புறம் இன்னா? பிரமாதமா கீது."

"அப்டி ஒண்ணு பிரமாதமா இருந்தா நம்மள்ல இன்னா சொல்லுவாங்க?"

ஃபாரூக் யோசித்தார். "செமன்னு சொல்லுவாங்க. இப்ப பசங்க வேற ஏதோ சொல்றானுங்க. முஸ்தகீம்கிட்ட கேட்டுச் சொல்லட்டா?"

நஜீரின் பொறுமை அறுந்தது. "யோவ்! ஒரு மாஷா அல்லாஹ் சொல்றதுக்கு உன் வாயில முள்ளா குத்திகினு கீது?"

 டீ கொண்டு வந்த ராபியா அப்படியே நின்றாள். ஃபாரூக் மெதுவாகத் தொட்டியைப் பார்த்தார், பிறகு மச்சானைப் பார்த்தார்.

"அப்போ... என் கண்ணுன்னு சொல்ற."

"நான் அப்டிச் சொல்லல."

"வேற எப்டிச் சொன்ன?"

நஜீர் இடுக்கியை எடுத்துத் துடைத்தார். அந்த நேரத்தில் ஒரு சிரிப்புச் சிரித்திருந்தால் போதும். முருங்கை மரத்துக்குச் சிரித்தது மாதிரி சிரித்துவிட்டு, முதுகில் ஒரு தட்டுத் தட்டியிருந்தால் எல்லாம் கரைந்துபோயிருக்கும். பாழாய்ப்போன சிரிப்பு வேண்டிய நேரத்தில் வருவதில்லையே!

ஃபாரூக் எழுந்து தொட்டியின் முன்னால் போய் நின்றார். "மாஷா அல்லாஹ்," என்றார் நிதானமாக, தெளிவாக. டீயைத் தொடாமல் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் மறுநாளும் மீன் சாப்பிடவில்லை. கண் வைத்தவர் ஒளு செய்த தண்ணீரை, அதாவது தொழுகைக்கு முன்னால் கை, முகம், கால் கழுவுகிற தண்ணீரை, கண் பட்டவர் மேல் ஊற்றினால் சரியாகிவிடும் என்று நஜீர் எப்போதோ கேட்டிருந்தார்.

"எங்கண்ணன்கிட்ட போய் இத்த எப்டிங்க கேப்பேன்?" என்றாள் ராபியா.

"எனக்குன்னு கேளேன்."

"உங்களுக்குக் கண்ணு வெக்க உங்ககிட்ட இன்னா கீது?"

இருந்தாலும் போனாள். திரும்பி வந்தபோது கையில் பாட்டில் இருந்தது, கண் சிவந்திருந்தது.

"இன்னா சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. தாம்பாளத்தக் கீழ வெச்சாரு. கை கழுவினாரு, வாயக் கொப்பளிச்சாரு, மூஞ்சி கழுவினாரு, கால் வரைக்கும் கழுவினாரு. அத்தப் பாட்டில்ல ஊத்திக் குடுத்தாரு. 'பத்தலன்னா சொல்லும்மா, மஃரிபுக்கும் புடிச்சு வெக்கிறேன்'னாரு."

நஜீருக்குச் சுருக்கென்றது. எந்த மனுஷன் இதைக் கொடுப்பான்? மச்சான் கொடுத்திருக்கிறான். உடனே போய் அவன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் கையில் பாட்டில் இருந்ததால் முதலில் ஒரு கோப்பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினார்.

அடுத்த நாளிலிருந்து அவரால் வீட்டில் உட்கார முடியவில்லை. புதிதாகக் கட்டிய ஒரு கல்யாண மண்டபத்துக்கு ஜன்னல் கண்ணாடி வெட்ட வேண்டியிருந்தது. காலையில் கடைக்குப் போனால் சாயங்காலம்தான் வருவார். வந்ததும் கால்கூடக் கழுவாமல் இறாலோடு தொட்டி முன்னால் உட்காருவார். மீன் அவரிடம் ஒரு துணுக்குக்கூட வாங்கவில்லை. ஆனாலும் சாகவில்லை. சாகாததோடு அதன் வயிறு ஒரு மாதிரி உருண்டுகொண்டே வந்தது.

பயந்துபோய் ஜெகதீஷுக்கு வீடியோ கால் போட்டார். "ஜெகதீஷு, வயிறு வீங்குது பாருப்பா. இன்னா நோவு இது?"

"நோவா? நல்லா கொழுகொழுன்னு கீது சார்! துன்னாத மீனுக்கு வயிறு ஒட்டிப் போவும். இது ஜம்முனு கீது. கலரப் பாருங்க!"

போனை வைத்துவிட்டு நஜீர் வெகுநேரம் யோசித்தார். அவரிடம் தின்னவில்லை. ஆனால் தெளிந்துவிட்டது. எப்போதிருந்து? ஒளுத் தண்ணீர் ஊற்றிய மறுநாளிலிருந்து!

"பாத்தியா ராபியா, நான் சொன்னேன்ல! அவன் தண்ணி பட்டதும் மீன் எழுந்து ஒக்காந்துடுச்சு. அப்போ கண்ணு யாருது? இனிமே மறுபடி கிறுபடி பட்டுடப் போவுது. ஊருக்குப் போற வரைக்கும் உங்கண்ணன இந்தப் பக்கம் வர வேணாம்னு நைசா சொல்லிடு."

ராபியா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க ஊட்ல இருக்கறப்ப எங்கண்ணன் வர மாட்டாரு. போதுமா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

போதவில்லை. அது நஜீருக்கு அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. ராபியா ஒரே ஒரு டீ கொண்டு வந்து வைத்தாள். பக்கத்து நாற்காலியில் யாருமில்லை. மீன் வால் அசைவதைப் பார்த்து, "மச்சான், அங்க பாரு" என்று திரும்பினார், அங்கே துணி மடித்து வைத்திருந்தது. டீ சப்பென்று இருந்தது. சர்க்கரை போடவில்லையா என்று ராபியாவிடம் சத்தம் போட்டார். போட்டுத்தான் இருந்தாள்.

தெருக்காரர்கள் ஃபாரூக்குக்கு விருந்து வைத்தார்கள். நஜீர் போகவில்லை. முதுகு வலி என்று சொல்லி அனுப்பினார். உண்மையில் வலித்தது வேறு இடத்தில். எந்த முகத்தோடு போய்ப் பிரியாணி சாப்பிடுவது? கால் கழுவிய தண்ணீரைக் கேட்டு வாங்கினவன், கூட உட்கார்ந்து கை நனைக்க முடியுமா?

ஃபாரூக் கிளம்பும் நாளில் ராபியா காலையிலேயே அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். "நேரா ஏர்போர்ட்டுக்கு வந்துடறேன்" என்று நஜீர் வாக்குக் கொடுத்திருந்தார். அவர் மனசில் ஒரு திட்டம் இருந்தது. மீன் சாப்பிடுகிற மாதிரி ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு போய்விட்டால், மன்னிப்பு கின்னிப்பு என்று எதுவும் பேச வேண்டியதில்லை. போனை நீட்டினால் போதும். ஃபாரூக் பார்த்துவிட்டு, "அடேங்கப்பா!" என்பார். அவ்வளவுதான், பழைய மச்சான்களாகிவிடலாம்.

ஒரு கையில் இடுக்கி, ஒரு கையில் செல்போன். நஜீர் தொட்டி முன்னால் முட்டி போட்டார்.

"இன்னிக்கி ஒரு நாள் என் மானத்தக் காப்பாத்துடி ராஜாத்தி."

மூக்கு வந்தது. நஜீர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். மூக்கு போய்விட்டது. மறுபடி வந்தது, மறுபடி போய்விட்டது. இதோ, இதோ என்று பார்த்துக்கொண்டே இருந்ததில் வெயில் ஜன்னல் தாண்டி வந்துவிட்டது. செல்போனில் சார்ஜ் இறங்கிக்கொண்டிருந்தது. மணியைப் பார்த்ததும் இடுக்கியைப் போட்டுவிட்டு ஓடினார்.

டிரங்க் ரோட்டில் மெட்ரோ வேலைக்காக வழியை மாற்றிவிட்டிருந்தார்கள். ஆட்டோ கொஞ்சம் நகர்ந்தது, நிறைய நின்றது. குமணன்சாவடியில் ஒரு கிரேன் சாவகாசமாக ரோட்டைக் கடந்தது. நஜீர் ஆட்டோவிலிருந்து இறங்கிக் கொஞ்ச தூரம் ஓடிப் பார்த்தார், ஆட்டோக்காரர் அவரைத் தாண்டிப் போய் நின்று, "ஏறுங்க பாய், ஏன் பேஜார் பண்றீங்க?" என்றார். போரூர் வந்தபோது நேரம் தாண்டியிருந்தது. போன் அடித்தார்.

"மச்சான்... எங்க கீற?"

"உள்ள வந்துட்டேன். பெல்ட்டக் கழட்டச் சொல்றானுங்க."

"நான் போரூர்ல கீறேன். டிராஃபிக்கு."

"சரி வுடு. மெட்ரோ வர்ற வரைக்கும் அப்டித்தான்."

'என்னை மன்னிச்சுடு மச்சான்' என்பது நஜீரின் தொண்டை வரை வந்துவிட்டது. இத்தனை வருஷப் பழக்கத்தில் ஒரு தடவைகூடச் சொல்லாத வார்த்தை. வழி தெரியாமல் அங்கேயே நின்றது.

"பொட்டி எடை சரியா இருந்துச்சா?" என்று கேட்டார்.

"இருந்துச்சு."

பின்னால் ஹாரன் சத்தம். இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. தொட்டி முன்னால் பேசாமல் உட்கார்ந்திருப்பது போலத்தான், ஆனால் இது அது இல்லை.

"மீன் எப்டி கீது?" என்றார் ஃபாரூக்.

"நல்லா கீது."

"மாஷா அல்லாஹ்," என்றார் ஃபாரூக் உடனே. கொஞ்சமும் தாமதிக்கவில்லை. "பாத்துக்க மச்சான். கூப்புடறாங்க, வெக்கிறேன்."

நஜீர் ஆட்டோவைத் திருப்பச் சொன்னார். வழியெல்லாம் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே வந்தார். தூசி என்று ஆட்டோக்காரரிடம் சொன்னார். ஒரு மீனுக்காக மனுஷனைத் தொலைத்துவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது. கண்தான் பட்டிருக்கட்டுமே, அதனால் என்ன? ஆயிரம் மீன் வாங்கலாம், ஃபாரூக்குக்கு எங்கே போவது? இருந்தாலும் உள்ளே ஒரு மூலையில், அந்த ஒளுத் தண்ணீர் இல்லாவிட்டால் மீன் பிழைத்திருக்காது என்ற எண்ணம் மட்டும் அசையாமல் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் அவர் வீடு வரை வந்து சேர்ந்தார்.

படியேறப் போனவரைக் கீழ்வீட்டு சரசா கூப்பிட்டாள். கையில் தண்ணீர் சொட்டுகிற ஒரு பிளாஸ்டிக் கவர் இருந்தது.

"பாய், மீன்காரம்மா வழக்கம்போல மட்டிச் சிப்பி குடுத்துட்டுப் போயிடுச்சு. தெனம் மத்தியானம் நீங்க கடையில இருக்கறப்ப உங்க மச்சான்தான வந்து, எங்க கொழாயாண்ட குந்திகினு இத்த ஒண்ணொண்ணா ஒடச்சி எடுத்துகினு போய் அந்த மூக்கு மீனுக்கு ஊட்டிட்டுப் போவாரு, இனிமே யாரு பாய் ஊட்டுவாங்க?"